எஸ்பிரஸ்ஸோ மெசின் வாங்க முதல் உங்கட கேத்திலுக்குள்ள ஒருக்காப் பாருங்கோ

பெட்டியில 15 பார், 20 பார் (பார் எண்டது அமுக்கத்தின்ர அளவு) எண்டு பெரிசா அடிச்சிருக்கிறதைப் பாத்து மெசின் எடுக்கிற ஆக்கள் கன பேர். அந்த நம்பர் பம் ஆகக்கூடினது எவ்வளவு தள்ளும் எண்ட கணக்கு மட்டும்தான், எஸ்பிரஸ்ஸோ, அதாவது அமுக்கத்தால இறக்கிற கடுங்கோப்பி, வாறதுக்குக் கோப்பித்தூளில விழவேண்டிய அமுக்கம் 9 பார் மட்டில, அதுக்கு மேல ஏத்தினா ருசி ஏறாது. ஆனபடியா 20 பார் திறம், 15 பார் குறைவு எண்டு கடையில சொன்னா ஓமெண்டு தலையாட்டிப்போட்டு அடுத்த கேள்விக்குப் போங்கோ.

அடுத்த கேள்விதான் எங்களுக்கு முக்கியம். யூரியூப்பில மெசின் ஒப்பிடுறவை எல்லாம் நல்ல தண்ணி குழாயில வாற, கரண்ட் ஆடாத, மெசின் பழுதானா அனுப்பித் திருத்தக்கூடிய இடங்களில இருந்து கதைக்கினம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா எண்டு எங்கட வன்னிப் பக்கம் இருக்கிற ஆளுக்கு அந்த மார்க் எல்லாம் தலைகீழாப் போகும். இஞ்ச மெசினைத் தெரிவு செய்யிறது தண்ணி, கரண்ட், அரைக்கிற சாமான், திருத்திறது எண்ட நாலும்தான், பிராண்ட் அதுக்குப் பிறகு.

முதல்ல தண்ணி. கேத்திலுக்குள்ள டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, அடியில வெள்ளையாப் படைபிடிச்சு, நகத்தால சுரண்டினாச் செதிள் செதிளாக் கழண்டு வரும், குழாய்க்கிணத்துத் தண்ணி பாவிக்கிற வீடெண்டா சொல்லத்தேவையில்லை. கல்சியம், மக்னீசியம்தான் அது, குடிக்கிறதில பெரிசாத் தெரியாது, ஆனா அதே தண்ணி மெசினுக்குள்ள போனா அதே படை உள்ளுக்குப் பிடிக்கும், அங்க உங்கட நகம் போகாது. மலிவு மெசினுகளில கனக்க தேர்மோபுளொக் எண்ட முறை, அதாவது தண்ணி ஒரு உலோகக் கட்டிக்குள்ள ஒடுங்கின பாதையால ஓடிக்கொண்டே சூடாகும். கெதியாச் சூடாகும், அது நல்லம், ஆனா பாதை ஒடுக்கம் எண்டதால படை பிடிச்சா முதல்ல அடைக்கிறதும் அதுதான். தண்ணியைத் தேக்கிவைச்சுச் சூடாக்கிற சின்ன பொய்லர் இருக்கிற மெசின் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனாலும் தப்பாது.

இதுக்கு வழி இருக்கு. இப்ப எங்கட பக்கம் ஆர்ஓ தண்ணி, அதாவது உப்பை வடிச்செடுத்த தண்ணி, கனக்க இடத்தில எடுக்கலாம், வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தத்தால கிராமங்களுக்குள்ளயே பிளான்ட் போட்டுக் குடுத்திருக்கினம். அந்தத் தண்ணியை மெசினுக்கு விடலாம், ஆனா தனிய அதை மட்டும் விட்டா கோப்பி சப்பெண்டு இருக்கும், ஏனெண்டா தூளில இருக்கிற ருசியை இழுக்கிறதுக்குத் தண்ணியில கொஞ்சம் உப்புச்சத்து வேணும். நான் மூண்டு பங்கு ஆர்ஓ, ஒரு பங்கு கிணத்துத்தண்ணி எண்டு கலப்பன், உங்கட கிணறு எப்பிடியெண்டு பாத்துக் கூட்டிக் குறைக்கலாம். என்ன கலந்தாலும் இடைக்கிடை சிட்ரிக் அசிட் கரைச்சு ஓடவிட்டுக் கழுவத்தான் வேணும், கழுவினாப் பிறகு ரெண்டு டாங்கி நல்லதண்ணி விட்டு எடுங்கோ, இல்லாட்டி முதல் கோப்பி தேசிக்காய்த் தண்ணிதான்.

பேந்து கரண்ட். பின்னேரம் ஆறு மணியில இருந்து ஊர் முழுக்க லைட்டும் பானும் மோட்டரும் போட்டாப் பிறகு லைன் கடைசியில இருக்கிற வீடுகளில வோல்ட்டேஜ் இறங்கிறது எங்களுக்குப் புதுசில்லை. 230 வர வேண்டிய இடத்தில 190 வந்தா மெசின் கொஞ்சம் மெதுவா வேலை செய்யும் எண்டுதான் கன பேர் நினைக்கினம், அப்பிடியில்லை, சூடாக்கிற கம்பியின்ர சக்தி வோல்ட்டேஜின்ர வர்க்கத்துக்குத்தான் குறையும், 190இல மூண்டில ரெண்டு பங்குச் சூடுதான் வரும். பொய்லர் மெசின் எண்டா ஆறுதலாச் சூடாகி எப்பிடியும் வந்துசேரும், ஓடஓடச் சூடாக்கிற தேர்மோபுளொக் அந்த நேரம் தண்ணியோட போட்டிபோட ஏலாமல் விட்டிடும், கோப்பி புளிக்கும். புளிச்சா உடன கொட்டையைக் குறைசொல்லுவினம். விடியக்காலமை அதே மெசின் அதே தூளில நல்ல கோப்பி போடும்.

கரண்ட் பில் எண்டு பயப்பிடுறவைக்கு ஒரு வசனம்: 1300 வாட் மெசின் அஞ்சு நிமிசம் முழுசா எரிஞ்சாலும் கிட்டத்தட்ட 0.1 யூனிட்தான், அயன் பண்ணுறது இதைவிடக் கூட. பயப்பிடவேண்டியது ஏர்த்துக்கு. தண்ணியும், உலோக உடம்பும், 1300 வாட்டும் ஒண்டா நிக்கிற சாமான் இது, பிளக்கில மூண்டு பின் இருந்தாப் போதாது, சுவருக்குள்ளால ஏர்த் வயர் உண்மையில வந்திருக்கோ எண்டு வயர்மானைக் கொண்டு பாப்பியுங்கோ. மற்றது சித்திரை, ஐப்பசி மழைக்கு இடி முழங்கேக்க பிளக்கைக் கழட்டி விடுங்கோ. பல்லிக் கதையும் சொல்லோணும், சூடான மெசினுக்கு அடியில, சுவிச் போர்டுக்குள்ள பல்லி போய்ப் படுக்கும், பிறகு என்ன நடக்கும் எண்டு எங்கட ஊரில டிவி திருத்திற எவரைக் கேட்டாலும் சொல்லுவினம்.

சரி, இனிச் சாமான்களுக்கு வருவம்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவாற மெசின்தான் எங்களுக்கு அரைவாசி சந்தை, அதில ரெண்டை முதல்லயே கழிச்சு விடலாம். ஒண்டு கனடா மெசின். அங்க 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், இஞ்ச 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், ட்ரான்ஸ்போமர் வைச்சு வோல்ட்டேஜை மாத்தலாம், ஹேர்ட்ஸை அது மாத்தாது, இந்த மெசினுகளில இருக்கிற அதிர்வுப் பம் அந்த ஹேர்ட்ஸ் கணக்கிலதான் அடிக்கும். 1300 வாட்டைத் தாங்கிற ட்ரான்ஸ்போமர் மெசினை விடப் பாரம் வேற. ரொறன்ரோவில எவ்வளவு கழிவு விலைக்குப் போட்டாலும் மெசின் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, அரைக்கிற கிறைண்டர் கையால சுத்திறது எண்டா அங்க இருந்து தாராளமாக் கொண்டு வரலாம்.

மற்றது கப்சூல் மெசின், தூள் அடைச்சு வாற சின்னக் குப்பியில மட்டும் ஓடுறது. சுவிசில இருக்கிற சித்தப்பா போன மாதம் போன் எடுத்து, "தம்பி, வீட்டில பழைய நெஸ்பிரஸ்ஸோ ஒண்டு சும்மா கிடக்குது, கொண்டு வரட்டோ" எண்டு கேட்டார். "வேண்டாம் சித்தப்பா, அது கொண்டு வந்தா நீங்கள் வருசா வருசம் கப்சூல் கொண்டு வரோணும்" எண்டன். சிரிச்சவர், ஆனா விளங்கீட்டுது. மெசின் குறையில்லை, சுத்தமா, கெதியாப் போடும், 1986இல இருந்து ஓடுற முறை, பழைய வகைக்கு வேற கொம்பனிக் கப்சூலும் வருது. எண்டாலும் கப்சூல் முடிஞ்ச அண்டைக்கு அது மேசையில நிக்கிற பிளாஸ்டிக்தான். கொழும்பில இருந்து ஓடர் பண்ணி ஒவ்வொரு கோப்பைக்கும் காசு குடுத்துக் குடிக்க ஏலுமெண்டா எடுங்கோ, நான் மாட்டன்.

இனி மிஞ்சிறது நாலு வகை.

கரண்டில ஓடுற சின்ன மெசினில எல்லாரும் சொல்லுற ரெண்டு டெலோங்கி டெடிக்கா, டெலோங்கி ஸ்டிலோசா. டெடிக்கா 15 சென்ரிமீற்றர் அகலம், குசினித் தட்டில ஒதுங்கி நிக்கும், தேர்மோபுளொக், பாரம் நாலு கிலோ மட்டில எண்டதால சூட்கேசில வரும், லண்டனில 150, 200 பவுண்ஸுக்குள்ள அடிக்கடி போடுவினம். ஸ்டிலோசா அதைவிட மலிவு, பிளாஸ்டிக் கூட, ஆனா உள்ளுக்கு ஸ்டீல் பொய்லர். பாக்கிறதுக்கு டெடிக்கா வடிவு. ஆனா மேல சொன்ன தண்ணியையும் பின்னேர வோல்ட்டேஜையும் யோசிச்சா வன்னிக்கு ஸ்டிலோசாதான் பொருத்தம் எண்டு நான் சொல்லுவன், வெளியில சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டினம், ஏனெண்டா விலை குறைஞ்சது திறமா இருக்கேலாது எண்டு ஒரு நினைப்பு. லண்டன் மெசின் எண்டா பிளக்கும் எங்கட சதுரப் பின்தான். பிரான்ஸ், ஜேர்மனி மெசின் எண்டா வோல்ட்டேஜ் சரி, பிளக் சரிவராது, கடையில விக்கிற சின்ன அடப்ரர் வேண்டாம், கனக்கத்தில ஏர்த் இல்லை, வயரை வெட்டி 13 அம்பியர் பிளக் பூட்டுவியுங்கோ.

ரெண்டு மெசினிலயும் தூள் போடுறதுக்கு வாற கூடை ரெட்டை அடிக் கூடை. அதாவது மேல கனக்க ஓட்டை, அடியில ஒரே ஒரு ஊசி ஓட்டை, அமுக்கத்தைத் தூள் குடுக்காட்டியும் அந்த ஓட்டை குடுக்கும். தூள் கொஞ்சம் பருவட்டா இருந்தாலும், பக்கற் தூளெண்டாலும் மேல நுரையோட ஒண்டு வரும். அது உண்மையான கிறேமா, எஸ்பிரஸ்ஸோவின்ர நுரை, இல்லை எண்டு கோப்பிப் பைத்தியங்கள் சொல்லுவினம், உண்மைதான், பால் விட்டுச் சீனி போட்டுக் குடிக்கிற வீட்டில அதை ஆர் பாக்கப்போகினம்.

இந்த இடத்தில கொஞ்சம் நிக்கோணும். எங்கட வீடுகளில இருக்கிற கோப்பித்தூள் கோப்பி மட்டுமில்லை, மல்லி, சுக்கு, சில வீட்டில மிளகும் சேத்து வறுத்து இடிச்சது. ஆரோ ஒராள் கட்டாயம் அதை அள்ளிக் கூடைக்குள்ள போடத்தான் போகினம், பெரும்பாலும் அம்மா, அல்லது மெசினைப் பாக்க வந்த மாமி. போட்டா என்ன நடக்கும் எண்டா, முதல்ல பம் வழமையாப் போடுற இரைச்சல் மாறி அமுங்கின சத்தமா வரும், கோப்பி துளித் துளியா வந்து நிண்டிடும், பிறகு கூடை நிக்கிற பிடியைச் சுத்தி விளிம்பால பழுப்புத்தண்ணி கசியத் தொடங்கும். மல்லியின்ர மா அந்த ஊசி ஓட்டையில போய்ப் பசை மாதிரி இறுகீட்டுது. உடன பிடியைக் கழட்டக்கூடாது, உள்ளுக்கு அமுக்கம் நிக்குது, கழட்டினாக் கொதித்தூள் முகத்துக்குச் சீறும். மெசினை நிப்பாட்டி, ஆறவிட்டு, பிறகு மெல்லமாத் திருப்பி எடுத்து, ஊசியால குத்தி, சுடுதண்ணியில ஊறப்போடோணும். மல்லிக்கோப்பிக்கு மெசின் தேவையில்லை, சட்டியில கொதிக்கவிடுறதுதான் அதுக்குச் சரி. மெசினுக்குத் தனிக் கோப்பி வேணும்.

அடுத்தது காஜ்ஜியா கிளாசிக். 1991இல வந்த மொடல், இண்டைக்கும் மாத்தி மாத்திச் செய்யினம், 58 மில்லிமீற்றர் பெரிய பிடி, கோப்பி முடிஞ்ச உடன அமுக்கத்தை வெளியில விடுற வால்வு, கழட்டிப் பூட்டக்கூடிய உடம்பு. இதை எடுத்தவை பத்து, பதினைஞ்சு வருசம் வைச்சிருக்கிற கதை கனக்க. உள்ளுக்கு இருக்கிறது பொய்லர், ரெண்டு மூண்டு தேர்மோஸ்ரற், ஒரு பம், சுவிச் அவ்வளவுதான், கம்பியூட்டர் போர்ட் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை, அயன்பொக்சும் மோட்டரும் திருத்திற எங்கட ஊர் ஆளுக்குத் திறந்து காட்டினா விளங்கும். சாமானை மட்டும் வெளியில இருந்து எடுக்கோணும். ஆனா விலை டெடிக்காவை விட ரெண்டு மடங்குக்கு மேல, பாரமும் அப்பிடித்தான், சூடாகி நிலைக்கிறதுக்குப் பதினைஞ்சு நிமிசம் விடோணும், மற்றது நல்ல கிறைண்டர் இல்லாமல் இதை வாங்கிறது வீண். ரெட்டை அடிக் கூடை மன்னிக்கிற பிழையை இதின்ர ஒற்றை அடிக் கூடை மன்னிக்காது.

கையால அமத்திற லீவர்தான் எனக்குப் பிடிச்சது, இதை ஒளிக்கேல்லை. ஃபிளேயர் நியோ மாதிரிச் சாமான், கரண்டே வேண்டாம், கேத்தில்ல கொதிச்ச தண்ணியை ஊத்தி, கைப்பிடியை மெல்லமா இறக்கினா உண்மையான எஸ்பிரஸ்ஸோ வரும். உதென்ன விளையாட்டுச் சாமானோ எண்டு கேக்கிறவைக்கு, எஸ்பிரஸ்ஸோவுக்கு மேல நிக்கிற அந்தப் பொன்நிற நுரையே 1940களில மிலானில காஜ்ஜியா எண்டவர் கொண்டுவந்த லீவர் மெசினிலதான் வந்தது, மோட்டர்ப் பம் ஃபேமா ஈ61 எண்ட மெசினோட 1961இலதான் வந்தது. எங்கட தண்ணிக்கு இதைவிடச் சரியான மருந்து இல்லை, படை பிடிக்கிறது முழுக்கக் கேத்தில்லதான், கேத்தில் பழுதானா முல்லைத்தீவுச் சந்தையிலயே இன்னொண்டு எடுக்கலாம். பழுதாகிறதுக்கு இதில இருக்கிறது ரெண்டு மூண்டு ரப்பர் வளையம். குறையையும் சொல்லோணும்: ஒரு தரத்துக்கு ஒரு கோப்பைதான், ஒவ்வொரு தரமும் உலோகப் பாகத்தைச் சுடுதண்ணியில சூடாக்கோணும், பால் நுரைக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. விருந்தாளி எட்டுப்பேர் வந்து இருந்தா நீங்கள் குசினியை விட்டு வெளியில வரமாட்டியள், அவை கதைச்சு முடிச்சுப் போயிடுவினம்.

கடைசி மோக்கா. 1933இல இத்தாலியில பியலெட்டி செய்த, அடுப்பில வைக்கிற அந்த எட்டுமூலைக் கேத்தில். அமுக்கம் ஒண்டு, ரெண்டு பார்தான், ஆனபடியா எஸ்பிரஸ்ஸோ இல்லை, ஆனா கடுங்கோப்பி, பால்விட்டா கன பேருக்கு வித்தியாசம் தெரியாது. விலையும் மற்றதுகளோட பாக்கேக்க ஒண்டுமில்லை. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினது ஞாபகம் இருக்கோ, காஸும் இல்லை, அந்த நேரம் மோக்கா வைச்சிருந்தவை தணல்ல வைச்சுக் குடிச்சவை. சுவாலையில வைக்காதேங்கோ, பிளாஸ்டிக் கைப்பிடி உருகும். ஒண்டை மட்டும் கவனியுங்கோ, அடிப்பாகத்தில பக்கவாட்டில பித்தளையில சின்ன வால்வு ஒண்டு இருக்கு, அமுக்கம் கூடினா அதுதான் காப்பாத்தும். எங்கட தண்ணியில அதுக்குள்ளயும் படை பிடிக்கும், உள்ளுக்கு வெள்ளையாக் கண்டா உடன ஊறவைச்சுக் கழுவோணும், தண்ணியும் அந்த வால்வுக்குக் கீழதான் நிக்கோணும்.

இனி அரைக்கிறது. நான் எல்லாருக்கும் சொல்லுறது, உங்களிட்ட இருக்கிற காசில அரைவாசியைக் கிறைண்டருக்கு ஒதுக்குங்கோ எண்டு. மிக்சியில அரைச்சாப் பாதி மாவும் பாதி குறுணியுமா வரும், மா கசக்கும், குறுணி புளிக்கும், ரெண்டும் ஒரே கோப்பைக்குள்ள. கையால சுத்திற ஸ்டீல் பல்லுக் கிறைண்டர் கரண்ட் கேக்காது. டைம்மோர் சி2 மோக்காவுக்கும் ரெட்டை அடிக் கூடைக்கும் காணும். காஜ்ஜியாவுக்கோ, லீவரில ஒற்றை அடிக் கூடைக்கோ எண்டா நுணுக்கமாக் கூட்டிக் குறைக்கக்கூடிய கின்கிறைண்டர் கே6 மாதிரி ஒண்டு வேணும். 18 கிறாம் தூள் போட்டு, 25, 30 செக்கனில 36 கிறாம் கோப்பி எடுக்கிறதுதான் தொடக்கக் கணக்கு, கெதியா ஓடினா நைசா அரையுங்கோ, ஓடாமல் நிண்டாப் பருவட்டா அரையுங்கோ. டெலோங்கிக் கூடை சின்னன், அதுக்கு 14 கிறாம் காணும். நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்னத் தராசு ஒண்டு இருந்தா நல்லம்.

கோப்பிக்கொட்டை எங்க எடுக்கிறது எண்டும் கேப்பியள். 1869இல இலைத்துரு நோய் வந்து கோப்பித் தோட்டமெல்லாம் அழிஞ்சு தேயிலைக்கு மாறின நாடு எங்கட, அதாலதான் நல்ல கொட்டைக்கு இவ்வளவு அலைச்சல். எண்டாலும் கண்டி, நுவரெலியாப் பக்கத்தில இண்டைக்கும் விளையுது, கொழும்பில வறுத்துப் பாசலில அனுப்புறவை இருக்கினம். வறுத்த திகதி போட்டதா எடுங்கோ, ஒரு மாதத்துக்குள்ள முடிக்கக்கூடிய அளவு மட்டும், எங்கட வெயிலுக்கு இறுக்கமான டப்பாவில, நிழலில.

பால் சுருக்கமா: பசும்பால் எண்டாக் காய்ச்சி, ஆறவிட்டு, ஆடையை எடுத்துப்போட்டு, பிறிட்ஜில வைச்சு, குளிரோட நுரைக்கோணும். பால்மா கரைச்சும் நுரைக்கலாம், கொஞ்சம் தடிப்பாக் கரைச்சா வரும், ஆனா கட்டி இருந்தா நீராவிக் குழாயின்ர நுனி அடைக்கும். எதெண்டாலும் நுரைச்ச கையோட குழாயைத் துடைச்சு ஒருக்கா நீராவியை ஊதவிடுங்கோ, காய்ஞ்ச பால் பிறகு கழராது.

இனித் தீர்ப்பு. ஒராள் ரெண்டுபேர், பாலில்லாமல் குடிக்கிற ஆக்கள், லைன் கடைசி வீடு: கை லீவர், கைக் கிறைண்டர், யோசிக்கவே வேண்டாம். நாலஞ்சு பேர் பாற்கோப்பி குடிக்கிற வீடு, ஆர்ஓ தண்ணி எடுக்கலாம், ஏர்த் சரி: ஸ்டிலோசா, மிஞ்சின காசுக்குக் கிறைண்டர். டெடிக்கா ஆரும் சும்மா தந்தா வாங்குங்கோ, காசு குடுத்து எடுக்கிறதெண்டா இந்தத் தண்ணிக்கு நான் எடுக்கமாட்டன். காஜ்ஜியா, கிழமையில ரெண்டு நாள் ஸ்க்ரூட்ரைவரோட இருக்கிறது சந்தோசம் எண்ட ஆக்களுக்கு. எஸ்பிரஸ்ஸோ எனக்குப் பிடிக்குமோ எண்டே தெரியாது, ஆசைக்குத்தான் கேக்கிறன் எண்டா மோக்கா, பிடிச்சாப் பிறகு பாப்பம்.

கொண்டுவாற ஆளுக்கு மெசின் பேரை மட்டும் அனுப்பாமல் அந்த மொடலுக்கான கேஸ்கட் ரெண்டும் சேத்து எழுதி அனுப்புங்கோ, கையில அடங்கிற ரப்பர் வளையம், அது காய்ஞ்சு வெடிச்சா மெசின் அப்பிடியே நிக்கும், இஞ்ச அந்த அளவில தேடி எடுக்கேலாது. சிட்ரிக் அசிட் வேண்டாம், அது இஞ்ச பேக்கரிச் சாமான் விக்கிற கடையில கிடக்கு, சூட்கேசுக்குள்ள பேரில்லாத வெள்ளைத் தூளோட கட்டுநாயக்கா எயார்போர்ட்டில நிண்டு அந்த மனிசன் விளக்கம் சொல்லத் தேவையில்லை.